அனுப்புநர்: பெர்லின்

முதல் மடலில் அவள் கேட்டது:
பெயர் எழுதவேண்டிய இடத்தில்
ஊரை ஏன் எழுதியிருக்கிறாய்?

ஞானஸ்நானத்தில் இட்டதே பெர்லின்தான்.
மெர்லின், ஜெர்லின், ஷெர்லின் எல்லாம்
களியக்காவிளையில் தீர்ந்துபோன வருடம் அது
என்று பதில் எழுத
அகராதியோடு இரண்டு நாள் ஆனது எனக்கு.

பாறசாலையில், கோழி பொரிக்கிற கடைக்கு மேல்
எங்கள் வகுப்பு.
ஷைனி மிஸ் ஜெர்மனை மலையாளத்தில் உடைத்துப் போடுவார்,
நான் தமிழில் பொறுக்கிக்கொள்வேன்.
'வைல்' வந்தால் வினைச்சொல்
வாக்கியத்தின் வாலுக்குப் போய்விடும், கவனம் என்றார்.
பதினெட்டு நர்சுகளும் சிரித்தோம்.
எங்கள் வினை பிறந்ததிலிருந்தே அங்கேதான் மிஸ்.

ஆளுக்கொரு மின்னஞ்சல் முகவரி கொடுத்தார்.
எனக்கு வாய்த்தவள் வீப்கே,
ஓல்டன்பூர்க்கில் ரொட்டி சுடுகிறவள்.
அவள் மாவு பிசைய எழும் இரண்டு மணி
எனக்கு ஐந்தரை.
மாமியாரோடு பேசத் தமிழ் வேண்டுமாம்.
மாமியார் யாழ்ப்பாணம் என்பதை மட்டும்
ஆறாவது மடலில்தான் சொன்னாள்.

அதற்குள் கொடுத்து முடித்திருந்தேன்.
'என்னுடைய'வை அடித்து 'எனக்க'.
'மெதுவாக' என்று நீட்டாதே, 'பைய' போதும்.
குடிக்கிறதெல்லாம் வெள்ளம்.
சிவப்பு எழுத்தில், தைரியமாக,
பிழை திருத்துகிற நினைப்பில்.

அவளும் சும்மா இருக்கவில்லை.
'குட்டன் மோர்கன்' என்று தொடங்கிய மடலில் கோடு கிழித்தாள்.
மொய்ன் போதும்.
காலையில் மொய்ன், ராத்திரி மொய்ன்,
சாவு வீட்டு வாசலிலும் மொய்ன்.
மொய் என்றால் இங்கே கல்யாணத்தில் எழுதுகிற பணம்,
எங்கள் பக்கம் சுருள் என்போம்,
நோட்டில் குறித்துவைத்துத் திருப்பிச் செய்வோம் என்று எழுதினேன்.
நல்ல ஏற்பாடு என்றாள்.

பெண்குட்டி அவர்கள் இலக்கணத்தில் அஃறிணை.
விதி அப்படி என்று மிஸ் முடித்துவிட்டார்.
செக்போஸ்டில் பஸ் நிற்கையில்
வீப்கேயைத்தான் கேட்டேன், கோபமாக.
டவர் மாறி, மடல் பாதியில் சுற்றி,
இஞ்சிவிளை தாண்டித்தான் போய்ச் சேர்ந்தது.
அவள் எழுதினாள்:
பெயருக்குப் பின்னால் 'ஷன்' ஒட்டிச் சின்னதாக்கினால்
எல்லாமே அஃறிணைதான்.
உனக்குப் பிடிக்காத ஆண்பிள்ளை யாராவது இருந்தால்
ஒட்டிப் பார்.

ஒட்டினேன். நான்கு பேர்.

திருவனந்தபுரத்தில் வாய்மொழித் தேர்வு.
கதவைத் திறந்ததும் வாயில் வந்தது மொய்ன்.
தேர்வாளர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.
வடக்கே எங்கே படித்தீர்கள்?
பாறசாலை என்றேன்.
எங்களுக்கு அது வடக்குதானே.

அதே வாரம் ஓல்டன்பூர்க்கில்
சோற்றுத்தட்டுக்குப் பக்கத்தில் நின்று
வீப்கே கேட்டிருக்கிறாள்:
மாமி, வெள்ளம் வேணுமா?
மாமி எழுந்துபோய் ஜன்னலைப் பார்த்தாராம்.
பிறகு விளங்கி, சிரித்து, புரையேறி,
ஆர் பிள்ளை உமக்குத் தமிழ் சொல்லித் தந்தது?
பெர்லின், என்றிருக்கிறாள் இவள்.
பெர்லினிலை இப்பிடியோ கதைக்கினம்?
எங்கட சனமும் அங்கை இருக்குதே.

தேர்வு முடிவு இன்னும் வரவில்லை.
இன்று ஐந்தரைக்கு வந்த மடலில் இரண்டே வரி:
மாவு பொங்கவில்லை.
எனக்கு வெப்ராளம்.

எப்போது கொடுத்தேன் இந்தச் சொல்லை?
பழைய மடல்களைத் தேடினேன், கிடைக்கவில்லை.
அதற்கு ஜெர்மனில் என்னவென்றும்
இதுவரை அவளிடம் கேட்டதில்லை நான்.
அந்த வரியின் வாலைப் பார்த்தேன்.
வினைச்சொல்லே இல்லை.
சிவப்பைத் தொடாமல்
மொய்ன் என்று மட்டும் தட்டி
அனுப்பினேன்.